கைமாறாத பேங்க்

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நாலு பேர் கூடிச் சீட்டுக்கட்டை எடுத்தால் பெரும்பாலும் அது 304 ஆகத்தான் இருக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, செத்த வீட்டில் விடிய விடிய விழித்திருக்கும் இரவு, எதுவானாலும் சரி. 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அதற்குமேல் கட்டுக்கலையில் ஒரு சட்டம், பேராதனையில் ஒரு சட்டம், கம்பளையில் இன்னொரு சட்டம். கேள்வியை எங்கே தொடங்குவது, துரும்பை எப்போது திறப்பது என்று வாக்குவாதம் எழும். "எங்கட வீட்டில இப்பிடித்தான்" என்று வீட்டுக்காரர் சொன்னதும் அடங்கிவிடும்.

அடங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 304இல் எந்தச் சட்டத்தை எப்படி வளைத்தாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித்தான் வளையும். சீட்டுப் போடும் முறை சுற்றிச் சுற்றி எல்லாரிடமும் வரும். இப்போது எனக்கு இடைஞ்சலாக இருக்கும் சட்டம் அடுத்த கையில் உங்களுக்கு இடைஞ்சல்.

அதே ஆட்கள் பின்னிரவில் சில்லறையை வைத்து 21 விளையாடத் தொடங்கும்போதும் இதுவே நடக்கிறது. 21இல் ஒருவர் பேங்க். மற்றவர்கள் அவருக்கு எதிராக ஆளுக்கொரு கை. 21ஐத் தாண்டாமல் பேங்கைவிடக் கூட வைத்திருப்பவர் வெல்வார். பல வீடுகளில் இன்னொரு சட்டமும் உண்டு: இருவரும் சமன் என்றால் காசு பேங்குக்கு. ஆங்கிலேயரின் பொன்டூன் ஆட்டத்திலும் இதே சட்டம்தான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் நூறு கைகளில் எட்டு ஒன்பது கைகள் சமனில் முடியும். அவற்றையெல்லாம் பேங்குக்குத் தூக்கிக் கொடுத்தால், கட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக எட்டு ஒன்பது ரூபாய் அந்தப் பக்கம் போகிறது. கசினோக்கள்கூடப் பிளாக்ஜாக் மேசையில் பொதுவாக இவ்வளவு துணிவாகக் கேட்பதில்லை. வீட்டில் மட்டும் ஏன் ஒருவரும் முணுமுணுப்பதில்லை? அரை மணியில் பேங்க் உங்கள் கைக்கு வந்துவிடும். எல்லாரும் சம அளவு நேரம் பேங்க் வைத்திருந்தால், எவ்வளவு கொடுமையான சட்டமானாலும் கணக்கு நேராகிவிடும்.

கசினோவின் பிளாக்ஜாக் இதே 21தான். அங்கே பேங்க் கைமாறுவதில்லை. பேங்க் வைத்திருப்பவர்தான் சட்டமும் எழுதுகிறார். மற்ற எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

இலங்கையில் பெயர்பெற்ற கசினோக்கள் கொழும்பில் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மெல்கோவும் சேர்ந்து அங்கே 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' விடுதியைத் திறந்த பிறகு, கண்டிப் பக்கத்திலும் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. போய் வந்தவர்கள் அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொல்வார்கள், டீலரைப் பற்றிச் சொல்வார்கள், சாப்பாட்டைப் பற்றியும் சொல்வார்கள். மேசை விரிப்பில் என்ன சட்டம் எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அந்த ஒற்றை வரியில்தான் பாதி ஆட்டம் முடிந்திருக்கிறது.

கசினோவின் அனுகூலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். சமனானால் காசு திரும்பக் கிடைக்கிறது. டீலருக்குச் சுயபுத்தி கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிற்கவேண்டும். அப்படியானால் டீலர் செய்வதையே நீங்களும் செய்தால் ஆட்டம் சமனாக வேண்டுமே? ஆகாது. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். 21ஐத் தாண்டிய நொடியிலேயே உங்கள் காசு போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால் அது திரும்பி வராது. டீலரின் முறைப்படி ஆடுபவர் நூறில் ஏறத்தாழ 28 கைகளில் தாண்டுவார். இருவருமே தாண்டுவது 0.28 × 0.28, அதாவது நூறுக்கு எட்டு. இந்த எட்டுதான் கசினோவின் முதல். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்த கைக்குக் கூடுதலாகத் தரும் காசு இதில் இரண்டே கால் வரை திருப்பித் தருகிறது. மீதி ஐந்தரையை மீட்க ஆட்டக்காரரிடம் இருப்பது அவருடைய தெரிவுகள் மட்டுமே: டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து 12இலோ 13இலோ நின்றுவிடுவது, நல்ல தருணத்தில் பந்தயத்தை இரட்டிப்பது, சோடிச் சீட்டுகளை இரண்டு கைகளாகப் பிரிப்பது.

இந்தத் தெரிவுகளை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர். அமெரிக்காவின் அபர்டீன் படைத்தளத்தில் பணியாற்றிய ரொஜர் போல்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மக்டெர்மொட் என்ற நால்வர். மேசைமேல் வைத்துத் தட்டும் கணக்குப்பொறிகளைக் கொண்டே எல்லாக் கைகளையும் அலசி, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். எந்தக் கைக்கு என்ன செய்வது என்று அவர்கள் வகுத்த வழியில் ஆடினால் கசினோவின் அனுகூலம் 0.6 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தரையிலிருந்து அரைக்கு! சீட்டாட்டக் கணிதத்தில் இதைவிட அழகான முடிவு எனக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் 704 கணினியில் அதை மேலும் கூர்மையாக்கினார். வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்தால் அனுகூலத்தை ஆட்டக்காரர் பக்கமே திருப்பலாம் என்று 1962இல் புத்தகமும் எழுதினார்.

கசினோக்களும் வாய் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் கசினோக்கள் கூடிப் பேசிச் சட்டத்தை மாற்றின. பந்தயத்தை இரட்டிப்பதற்கு இறுக்கமான கட்டுப்பாடு. சோடி ஏஸைப் பிரிக்கவே முடியாது. ஆட்டக்காரர்கள் மேசைகளை விட்டு எழுந்துபோனார்கள். சீட்டெண்ணத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, எண்ணவே தெரியாதவர்களும் போனார்கள். சில வாரங்களில் பழைய சட்டம் திரும்பி வந்தது.

இந்தக் கதையை எல்லாரும் தோர்ப்பின் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 1964இல் கசினோக்கள் ஆட்டக்காரர் செய்துவந்த ஒரு செயலைத் தடுத்தன. நேற்றுவரை ஏஸைப் பிரித்த கை இன்று பிரிக்க முடியாது என்றால் கோபம் வரும். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் அதே நகரில் பரவிய புதுச் சட்டமோ ஒன்றையும் தடுக்கவில்லை. ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் முதல் இரண்டிலேயே வந்தால் அதுதான் 'பிளாக்ஜாக்'. பழைய சட்டப்படி அதற்கு இரண்டுக்கு மூன்று. அதாவது 1000 ரூபாய்க்கு 1500 ரூபாய். புதுச் சட்டப்படி ஐந்துக்கு ஆறு; 1200 ரூபாய். ஆட்டக்காரரின் கையைத் தடுக்க எதுவுமில்லை. அவர் 21 எடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே கழிவு நடந்துவிடுகிறது. கட்டியதற்கு மேல் 1200 வந்திருக்கிறது. யார் முறைப்பாடு செய்வார்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 1326 வழிகள் உண்டு. நான்கு ஏஸில் ஒன்றும், பத்து மதிப்புள்ள 16 சீட்டில் ஒன்றும் சேர்வதற்கு 64 வழிகள். அதாவது ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒரு பிளாக்ஜாக். ஒவ்வொரு முறையும் 300 ரூபாய் குறைகிறது. அந்த 300ஐ எல்லாக் கைகளுக்கும் பகிர்ந்தால் கை ஒன்றுக்கு 14 ரூபாய் 50 சதம். டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து சமனாகும் தருணங்களைக் கழித்தால் 13 ரூபாய் 90 சதம் அளவில் நிற்கும். 1000 ரூபாய்க்கு இவ்வளவு என்றால் 1.39 சதவீதம். ஆறு கட்டுகளைக் கலந்து ஆடும் மேசையில் 1.36. திறமையான ஆட்டத்துக்குப் பிறகு எஞ்சிய அரைச் சதவீதத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

இதில் ஒரு தந்திரமும் உண்டு. சீட்டுக்கட்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆட்டக்காரருக்கு நல்லது. எட்டுக் கட்டிலிருந்து ஒரு கட்டுக்கு வந்தால் அரைச் சதவீதத்துக்கு மேல் லாபம். அரைகுறையாகப் படித்தவருக்கும் இது தெரியும். ஆகவே 'ஒரே கட்டு' என்று பெரிதாக எழுதி, அதே மேசையில் ஐந்துக்கு ஆறு என்று சிறிதாக எழுதுவார்கள். அரை கொடுத்து ஒன்றரைக்குக் கிட்ட எடுத்தாயிற்று. ஒன்றும் தெரியாதவர் இந்த மேசைக்குத் தற்செயலாக வருவார். கொஞ்சம் தெரிந்தவர் தேடிக்கொண்டு வருவார்.

மற்றச் சட்டங்கள் இவ்வளவு பெரியவை அல்ல, ஆனால் நூதனமானவை. ஏஸை 1 என்றும் எண்ணலாம், 11 என்றும் எண்ணலாம். டீலரிடம் ஏஸும் 6உம் இருந்தால் 17. சில மேசைகளில் அவர் அதோடு நிற்பார், சில மேசைகளில் இன்னும் ஒரு சீட்டு எடுப்பார். எடுத்தால் அவர் 21ஐத் தாண்ட வாய்ப்புக் கூடும், அது நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். உண்மை நேர்மாறு. டீலர் நிற்கக்கூடிய எண்களில் மிகவும் பலவீனமானது 17. நீங்கள் தாண்டினாலோ 16க்குள் நின்றாலோ மட்டுமே அது வெல்லும். ஏஸை 1 ஆக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அடுத்த ஒரு சீட்டால் அவர் தாண்டவும் முடியாது. ஆக, தோற்கக்கூடிய கைக்கு இன்னொரு வாய்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இதன் விலை ஏறத்தாழ 0.2 சதவீதம்.

ஆட்டக்காரர் இதற்கு ஏற்ப மாறலாம். பல கட்டு மேசையில் உங்கள் 11க்கு எதிரே டீலரின் ஏஸ் இருந்தால் முன்பு சும்மா ஒரு சீட்டு எடுப்பீர்கள், இப்போது இரட்டிக்கவேண்டும். ஏஸ்-7க்கு எதிரே டீலரின் 2, ஏஸ்-8க்கு எதிரே டீலரின் 6, இவற்றில் முன்பு நின்றுவிடுவீர்கள், இப்போது இரட்டிக்கவேண்டும். இன்னொரு வகை மேசையில் டீலர் தனக்கு ஒரேயொரு சீட்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். எல்லாரும் ஆடி முடித்த பிறகுதான் இரண்டாவது சீட்டு. இதை ஐரோப்பிய முறை என்பார்கள். அது பிளாக்ஜாக்காக முடிந்தால் நீங்கள் இரட்டித்ததும் பிரித்ததும் மொத்தமாகப் போய்விடும். ஆகவே அங்கே டீலரின் பத்துக்கும் ஏஸுக்கும் எதிரே 11ஐ இரட்டிக்கக்கூடாது, சோடி எட்டைப் பிரிக்கக்கூடாது. சரியாக மாறி ஆடினாலும் 0.11 சதவீதம் போகும். மாறாமல் ஆடினால் அதற்கும் மேல்.

தந்திரங்களைப் பட்டியல் பட்டியலாகக் கொடுக்கும் புத்தகங்கள் ஓர் உண்மையைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகின்றன. சட்டம் எடுத்துக்கொள்வதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஆட்ட முறையை மாற்றி மீட்கலாம். அதிலும் மிகப் பெரிய கழிவான ஐந்துக்கு ஆறு விஷயத்தில் மாற்றிக்கொள்ள அநேகமாக ஒன்றுமே இல்லை. பிளாக்ஜாக் வந்த கையில் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு எதுவும் கிடையாது. காசு எண்ணித் தருவதை வாங்கிக்கொள்வதுதான்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, அதுவும் வேடிக்கையானது. உங்களுக்குப் பிளாக்ஜாக் வந்திருக்கிறது, டீலர் முன்னால் ஏஸ். அவருக்கும் வந்துவிட்டால் சமன், லாபம் ஒன்றுமில்லை. அப்போது சில மேசைகளில் கேட்பார்கள்: கட்டிய தொகைக்குச் சமமான காசை இப்போதே எடுத்துக்கொள்கிறீர்களா? டீலரின் அடுத்த சீட்டு பத்தாக இல்லாமலிருக்க வாய்ப்பு 13இல் 9. பழைய சட்டப்படி காத்திருப்பதன் மதிப்பு 1500 × 9/13, அதாவது 1038 ரூபாய். கையில் தருவது 1000. ஆகவே மறுக்கவேண்டும். ஐந்துக்கு ஆறு மேசையில் காத்திருப்பதன் மதிப்பு 1200 × 9/13, வெறும் 831. இங்கே வாங்கிக்கொள்வதே சரி. அதனால்தான் ஐந்துக்கு ஆறு மேசைகளில் பொதுவாக இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இவ்வளவும் ஆட்டக்காரர் கண்ணுக்கு ஏன் படுவதில்லை? றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவ வரை ரயிலில் வந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1867இல் கண்டிக்கு வந்துசேர்ந்த அந்தப் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். பெட்டிக்குள் இருப்பவருக்குத் தரை சரிந்திருப்பதாகவே தோன்றாது. எஞ்சினுக்குத் தெரியும், நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வேண்டியிருந்தது. ஐந்துக்கு ஆறு தந்து, ஏஸ்-6இல் சீட்டும் எடுக்கும் ஆறு கட்டு மேசையின் மொத்தச் சரிவும் கிட்டத்தட்ட இதே இரண்டு சதவீதம்தான்.

ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கை, மூன்று மணி நேரம், கைக்கு 1000 ரூபாய். 180 கைகளில் மொத்தம் 180,000 ரூபாய் மேசையில் போய்வருகிறது. நல்ல மேசையில் அனுகூலம் அரைச் சதவீதம். எதிர்பார்க்கும் இழப்பு 900 ரூபாய். மோசமான மேசையில் இரண்டு சதவீதம், 3600. வேறுபாடு 2700. ஆனால் அதிர்ஷ்டம் இங்குமங்கும் தூக்கியெறியும் தூரம் எவ்வளவு? ஒரு கையின் நியம விலகல் கட்டிய தொகையைப்போல் ஏறத்தாழ 1.15 மடங்கு. 180 கைகளுக்கு அது 15,400 ரூபாயாகிறது. பதினையாயிரம் மேலும் கீழும் ஆடும் ஒன்றில் 2700ஐ யார் காண்பது? நல்ல மேசையில் அமர்ந்த நூறு பேரில் 48 பேர் லாபத்தோடு எழுந்து வருவார்கள், மோசமான மேசையிலிருந்து 41 பேர். அந்த 41 பேரும் ஊருக்கு வந்து என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதானே.

அப்படி நூறு மாலைகள் ஆடினால் சரிவு தெரியும். விலகல் 180 கைக்கு இருந்ததைப்போல் பத்து மடங்குதான் கூடும், இழப்போ நூறு மடங்கு. நல்ல மேசைக்காரர் நூறு பேரில் 28 பேர் அப்போதும் முன்னே நிற்பார்கள். மோசமான மேசையில் ஒருவர்.

சீட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்களும் இதே வேலையைச் செய்கின்றன. சீட்டெண்ணுபவரை முடக்குவதற்காக வந்தவை அவை. அவற்றால் கைக்கான அனுகூலம் கூடுவதில்லை, சொல்லப்போனால் ஒரு துளி குறைகிறது. ஆனால் கலைப்பதற்கு நிறுத்தவேண்டியதில்லை என்பதால் ஒரு மணி நேரத்தில் அதிகக் கைகள் ஓடும். அதே ஏற்றத்தில் ரயில் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு தனி அதிகாரசபையை அமைக்கும் சட்டம் 2025இல் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உரிமம், வரி, பணச்சலவை பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒன்றைத்தான் கேட்பேன்: ஒவ்வொரு மேசையிலும், அந்த மேசையின் சட்டப்படி திறமாக ஆடினால் 1000 ரூபாய்க்கு எவ்வளவு கழியும் என்ற ஒற்றை எண்ணை, மேசை விரிப்பின் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். பிரித்தானியாவில் சூதாட்ட இயந்திரங்கள் எவ்வளவு திருப்பித் தருகின்றன என்ற சதவீதத்தைக் காட்டவேண்டும் என்பது விதி. கணக்கு ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. எழுதப் பெயின்ட் போதும்.

கடைசியாக, எந்த விரிப்பிலும் எழுதாத ஒரு சட்டம். இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழையக் கட்டும் வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக்க 2025இல் அரசு முடிவெடுத்தது. ஏழை எளியவர் போகாமல் தடுப்பதுதான் நோக்கம் என்றால் அதைப்பற்றித் தனியாக வாதிடலாம். கணிதத்துக்கு நோக்கம் தெரியாது. அதன் கண்ணில் இதுவும் மேசைச் சட்டம்தான். கைக்கு 10 டொலர் கட்டி மூன்று மணி நேரம் ஆடினால் மொத்தப் பந்தயம் 1800 டொலர். நல்ல மேசையில் இழப்பு 9 டொலர், மோசமான மேசையில் 36. வாசல் வரியை ஆட்டக்காரரே கட்டினால் அந்த 100 டொலர் மட்டும் ஐந்தரைச் சதவீதம். எல்லாக் கைகளுக்கும் உரிய வழியை மனப்பாடம் செய்து அபர்டீன் நால்வரின் கணக்கைக் கரைத்துக் குடித்தவர், உள்ளே கால் வைக்கும்போதே டீலரைப் பார்த்து அப்படியே ஆடுபவரின் நிலைக்கு வந்துவிடுகிறார்.

இந்த வரியை ஒரு சதவீதத்துக்கு இறக்கவேண்டுமானால் ஒரே நுழைவில் 10,000 டொலர் பந்தயம் கட்டவேண்டும். மணிக்கு 600 டொலர் என்றால் 16 மணி 40 நிமிடம் எழும்பாமல் இருக்கவேண்டும். அவ்வளவு நேரமும் ஐந்துக்கு ஆறு மேசையில் இருந்தால் அங்கே கழிவது 200 டொலர்.